ஏழேகாலும் ஏழரையும்

சென்ற கிழமை ஒரு மாலைப்பொழுது. தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். அயல் வீட்டு ஆச்சி படலையைத் திறந்துகொண்டு வந்தார். அவர் கையில் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. அமெரிக்காவிலிருந்து மகன் தொலைபேசியிற் சொன்னவற்றைப் பேத்தி அதில் எழுதிக் கொடுத்திருந்தாள். அந்த மகன் எம்முடன் ஒரே வாங்கிலிருந்து படித்தவர். டெக்சாஸ் மாநிலத்தில் குடியேறி ஆண்டுகள் பலவாயின. அவருடைய மூத்த பையனுக்கு இப்பொழுது பத்தொன்பது வயது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒரு கடையில் மணிக்கூலிக்கு நிற்கின்றான். கூலி, சட்டம் விதித்த ஆகக் குறைந்த தொகைதான்.

"தம்பி, நீர் கணக்குப் படிப்பிக்கிறனீர். இதைப் பாத்துச் சொல்லும். பெடியன் பட்டாளத்திலை சேரப் போறானாம். கடையிலை எடுக்கிறதிலும் இரட்டிப்புச் சம்பளமாம். மெய்தானோ?"

பட்டாளம் என்ற சொல் எம் வீடுகளில் எழுப்பும் நினைவுகள் வேறு. அவற்றை அந்த நாட்டுக் கணக்கோடு சேர்த்துக் குழப்பலாகாது என்று எண்ணி, அவற்றை ஒருபுறம் வைத்துவிட்டுத் தாளையும் பேனையையும் எடுத்தோம். கணக்கு எளிதாயிருக்கும் என்று எண்ணியது எமது முதற்பிழை.

கடைக்கூலியை முதலில் எடுத்துக்கொள்வோம். ஐக்கிய அமெரிக்காவில் குறைந்தபட்ச வேதனச் சட்டம் 1938ஆம் ஆண்டில், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் காலத்திற் பிறந்தது. மணிக்கு 25 சதம் என்று தொடங்கிப் படிப்படியாக ஏறி, 2009 யூலை மாதத்தில் 7 டொலர் 25 சதத்தில் வந்து நின்றது. நின்றது என்பதைச் சொல்லளவில் எழுதவில்லை. 2025இலும் மத்திய அரசின் சட்டம் சொல்லும் தொகை அதே ஏழேகால்தான். டெக்சாஸ் மாநிலம் இதற்குமேல் தனக்கென ஒரு தொகையை விதிக்கவில்லை. கிழமைக்கு நாற்பது மணி, ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு கிழமை என்று ஒருநாளும் ஓயாமல் உழைத்தால் 15,080 டொலர். மாதத்துக்கு 1,256 டொலர் 67 சதம். தனி ஒருவருக்கென 2025இல் அந்நாட்டு அரசு வரைந்த வறுமைக் கோடு 15,650 டொலர். ஆகவே முழுநேரம் உழைப்பவனும் கோட்டுக்குக் கீழேதான் நிற்கின்றான். சம்பளத்தோடு கூடிய விடுமுறையை அந்தச் சட்டம் ஒருநாள்கூடக் கட்டாயமாக்கவில்லை.

இனிச் சிப்பாயின் சம்பளம். படையின் அடிமட்டத்திற் சேரும் புதியவனுக்கு, முதல் நான்கு மாதம் கழிந்தபின், 2025 ஏப்ரலில் மாதம் 2,319 டொலர் அடிப்படைச் சம்பளமாயிருந்தது. கடைக்கூலியின் இருமடங்குக்குச் சற்றுக் குறைவு. பேரன் சொன்னதிற் பெரிய பொய் இல்லை.

ஆனால் இந்த இடைவெளி எப்படி வந்தது என்று பார்த்தபோதுதான் எமக்கு வியப்பு உண்டாயிற்று. 2009ஆம் ஆண்டில் அதே புதிய சிப்பாயின் சம்பளம் 1,399 டொலர் 50 சதம். கடைக்கூலி அன்றும் 1,256 டொலர் 67 சதமே. வேறுபாடு 143 டொலருக்குக் கிட்ட. பதினாறு ஆண்டுகளில் அது 1,062 டொலராக விரிந்துவிட்டது. சிப்பாயின் சம்பளம் நாட்டின் பொதுச் சம்பள உயர்வை ஒட்டி ஆண்டுதோறும் ஏறுமாறு சட்டம் செய்யப்பட்டிருக்கின்றது. இளநிலைச் சிப்பாய்களுக்கு 2025இல் மேலதிகமாகவும் ஓர் உயர்வு கிடைத்தது. கடைக்காரப் பையனுக்கோ காங்கிரஸ் சபை கை உயர்த்தினால்தான் கூலி உயரும். சபை கை உயர்த்தவில்லை. எனவே "படையிற் சம்பளம் நல்லது" என்று பேரன் சொல்லும்போது, அதிற் பாதி "கடையிற் சம்பளம் கெட்டது" என்பதே. 1968இல் வழங்கிய 1 டொலர் 60 சதத்தை இன்றைய விலைவாசிக்கு மாற்றினால் ஏழேகாலின் இருமடங்காகின்றது. பாட்டனார் காலத்துக் கடைப்பையன் இவனிலும் வசதியாய் இருந்தான்.

காசாக வாராதவற்றையும் எண்ணவேண்டும். மணமாகாத சிப்பாய் படைமனையில் வாடகையின்றி வாழ்கின்றான். உணவுப்படியாக 2025இல் மாதம் 465 டொலர் 77 சதம் உண்டு. படைச் சாப்பாட்டுக்கூடத்தில் உண்பவனிடம் அதிற் பெரும்பகுதியை மீளப் பிடித்துக்கொள்வர். மணம் முடித்து வெளியே குடியிருந்தால் வீட்டுப்படி தனி. இந்தப் படிகளுக்கு வருமான வரி இல்லை. ஆண்டுக்கு முப்பது நாள் சம்பளத்துடன் விடுமுறை. வைத்தியச் செலவு ஒரு சதமும் இல்லை. இந்தக் கடைசி ஒன்று எமது நாட்டு வாசகருக்கு அற்பமாகத் தோன்றலாம். அரசினர் வைத்தியசாலையில் வரிசையில் நிற்கும் பொறுமை ஒன்றே போதும் என்னும் நாட்டில் வாழ்கின்றோம். அங்கோ நிலை வேறு. டெக்சாஸில் பிள்ளைகள் இல்லாத ஓர் ஆள் ஆண்டுக்கு 15,080 டொலர் உழைத்தால், ஏழைகளுக்கான அரச வைத்தியக் காப்பும் அவனுக்கு இல்லை. வறுமைக் கோட்டுக்கு மேலுள்ளோருக்குக் கிடைக்கும் காப்புறுதி உதவியும் இல்லை. இருபத்தாறு வயது வரை தகப்பனின் காப்புறுதியில் ஒட்டியிருக்கலாம். அதன் பின்னர் காய்ச்சல் வராதிருக்கவேண்டும்.

இவ்வளவும் எழுதியபின் தராசுத் தட்டு முழுவதும் படையின் பக்கம் தாழ்ந்துவிட்டது போலத் தெரிந்தது. ஆச்சியின் முகம் வாடிற்று. மறுபக்கத்தை எழுதத் தொடங்கினோம்.

கடையில் நாற்பது மணிக்கு மேல் நின்றால் ஒன்றரை மடங்கு கூலி கொடுக்கவேண்டும் என்பது சட்டம். சிப்பாய்க்கு அந்தச் சட்டம் இல்லை. அவன் சம்பளம் இருபத்து நான்கு மணி நேரத்துக்கும் உரியது. நாற்பது மணிக் கிழமையாகக் கணக்கிட்டால் 2,319 டொலர் மணிக்கு 13 டொலர் 38 சதமாகும். களத்திலே கிழமையில் ஏழு நாளும் நாளுக்குப் பன்னிரண்டு மணி வேலை என்று வைத்துப் பாருங்கள். மாதம் 364 மணி; மணிக்கு 6 டொலர் 37 சதம். சட்டம் ஒரு கடைக்காரருக்கு அனுமதியாத கூலி அது.

அடுத்தது உயிராபத்துப் படி. அபாயப் பிரதேசம் என்று அறிவிக்கப்பட்ட இடத்திற் பணிபுரிவோனுக்கு மாதம் 225 டொலர் மேலதிகம். மாதம் முழுவதும் அங்கு நில்லாதவனுக்கு நாட்கணக்கிற் பிரித்துக் கொடுப்பர். ஒரு நாளுக்கு 7 டொலர் 50 சதம். வாசகர்கள் இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். கடையில் தட்டுக்களை அடுக்குவோனின் ஒரு மணி நேரத்துக்கு ஏழேகால். உயிருக்கு ஆபத்துள்ள இடத்தில் நிற்போனின் ஒரு முழு நாளுக்கு ஏழரை. இது சம்பளத்துக்கு மேலான தொகைதான், அங்கு வருமான வரியும் தள்ளுபடிதான் என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆயினும் ஆபத்துக்கென்று தனியே குறித்த விலை அவ்வளவே. இறந்துவிட்டால் குடும்பத்துக்கு 100,000 டொலர் உடனுதவியும், மாதந்தோறும் சிறு தொகை கட்டிவந்தால் 500,000 டொலர் வரை ஆயுட் காப்புறுதியும் உண்டு. ஆச்சிக்கு எழுதிக்கொடுத்த தாளில் இந்த வரியை நாம் சேர்க்கவில்லை. ஏழரை என்று வாய்விட்டு வாசித்தபோதே "சனியன்ரை கணக்கோ?" என்று கேட்டுவிட்டார்.

பழைய ஏடுகளையும் சிறிது புரட்டினோம். 1940இல் அமெரிக்கா கட்டாய ஆட்சேர்ப்பைத் தொடங்கியபோது புதிய சிப்பாயின் சம்பளம் மாதம் 21 டொலர். 1942இல் அதை 50 டொலராக்கினார்கள். அக்காலத்துக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 30 சதம். நாற்பது மணிக் கிழமையாற் பெருக்கினால் மாதம் 52 டொலர். உலகப் போரின் நடுவில், சோறும் உடையும் நீங்கலாக, சிப்பாயும் கடைநிலைத் தொழிலாளியும் ஏறத்தாழ ஒரே தட்டில் நின்றனர். பின்னர் தொழிலாளியின் கூலி ஏறிற்று, சிப்பாயை மறந்துவிட்டனர். வியட்நாம் போர் நடந்த 1971இன் முற்பகுதியில் சிப்பாய்க்கு மாதம் 134 டொலர். தொழிலாளியின் குறைந்தபட்சமோ 277 டொலர். பாதியிலும் குறைவு. ஆளைச் சட்டத்தாற் பிடித்துவர முடியும்போது சம்பளத்தால் அழைக்கவேண்டிய தேவை இல்லையல்லவா?

இதைத்தான் 1969இல் ஜனாதிபதி நிக்சன் நியமித்த கேட்ஸ் ஆணைக்குழு எடுத்துக்காட்டிற்று. கட்டாயச் சேவை என்பது இளைஞர்மீது சுமத்தப்பட்ட மறைவான வரி என்பது அதன் வாதம். பொருளியலாளர் மில்ற்றன் பிரீட்மன் அதில் ஓர் உறுப்பினர். கூலிப்படைக்குத் தலைமை தாங்கத் தமக்கு விருப்பமில்லை என்று சாட்சியம் அளித்த சேனாதிபதி வெஸ்ட்மோர்லண்டிடம், அடிமைப்படைக்குத் தலைமை தாங்குவதோ விருப்பம் என்று தாம் திருப்பிக் கேட்டதாகப் பிரீட்மன் பிற்காலத்தில் எழுதியுள்ளார். 1971இன் இறுதியில் புதியவரின் சம்பளம் இருமடங்காயிற்று. 1973இல் கட்டாய ஆட்சேர்ப்பு முடிந்தது. இன்று ஆச்சியின் பேரனை எவரும் பிடித்துச் செல்லவில்லை. அவனாகவே போக எண்ணுகின்றான். ஏழேகால் டொலர் அவனைத் தள்ளுகின்றதா, 2,319 டொலர் இழுக்கின்றதா என்பதை அவன்தான் சொல்லவேண்டும்.

நல்ல சம்பளம் என்றோமே, அந்தப் படையிலும் பசி உண்டு என்பதை எத்தனை பேர் அறிவர்? பணியிலுள்ளோரில் ஏறத்தாழ நாலில் ஒருவர் உணவுத் தட்டுப்பாட்டை அனுபவித்ததாகப் பாதுகாப்புத் திணைக்களமே 2022இல் அறிக்கையிட்டது. இளவயதில் மணம் முடித்து, இரண்டு மூன்று பிள்ளைகளுடன், சில ஆண்டுகளுக்கொருமுறை இடம் மாறும் குடும்பத்தில் மனைவிக்கு நிலையான வேலை கிடைப்பதில்லை. ஏழைகளுக்கான உணவு உதவியைக் கேட்டால் வீட்டுப்படியையும் வருமானமாக எண்ணி மறுத்துவிடுகின்றனர். 2023 முதல் இத்தகையோருக்கென அடிப்படைத் தேவைப்படி என்று ஒன்றைத் தனியே கொடுக்கின்றனர்.

ஏழேகாலோடு ஒப்பிடுவதே சரிதானா என்ற ஐயமும் எமக்கு எழுந்தது. மணிக்கூலி பெறும் அமெரிக்கரில் அந்தத் தொகையையோ அதற்குக் குறைவாகவோ பெறுவோர் நூற்றுக்கு ஒருவர் அளவினரே. பல மாநிலங்கள் தாமே கூடுதலாக விதித்துள்ளன. 2025இல் வாஷிங்டன் மாநிலத்தில் மணிக்கு 16 டொலர் 66 சதம். மாதம் 2,887 டொலருக்கு மேல். அந்த மாநிலத்திலும் பெரியதொரு படைத்தளம் உண்டு. அதன் வாயிலுக்கு வெளியே கடையில் நிற்பவன், உள்ளே நிற்கும் புதிய சிப்பாயின் அடிப்படைச் சம்பளத்தைவிட அதிகம் பெறுகின்றான். வாடகைக்கே அதிற் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுகின்றான் என்பது வேறு கதை. படையினர் தமது சம்பளத்தை ஆராய்வதும் குறைந்தபட்சக் கூலியோடு அன்று. ஒத்த கல்வியும் அனுபவமும் உள்ள குடிமக்களின் உழைப்போடு. 2025 தொடக்கத்தில் வெளியான மீளாய்வின்படி, அத்தகைய நூறு பேரை வருமான வரிசையில் நிறுத்தினால், படிகளும் சேர்த்து, சாதாரணப் படையினர் எண்பது பேருக்கு மேலானோரை முந்தி நிற்கின்றனர்.

தாளை ஆச்சியிடம் நீட்டினோம். எண்களை அவர் பார்க்கவில்லை.

"பிடிக்காட்டி விட்டிட்டு வரலாமோ, தம்பி?"

இத்தனை கணக்கிலும் நாம் எழுத மறந்தது அதுதான். கடையை இன்றைக்கே விடலாம். நாளை வேறு கடை. படையிற் கையொப்பம் இட்டவன் தவணை முடியுமுன் தானாக விலக இயலாது. சொல்லாமற் போனால் படைச் சட்டப்படி குற்றம். முதன்முறை சேர்பவனின் கடப்பாடு, பணியிலும் ஒதுக்குப் படையிலுமாக மொத்தம் எட்டு ஆண்டுகள். எதிர்ப்பக்கத்தில், முப்பத்தாறு மாதம் முழுநேரப் பணி புரிந்தால் அரச பல்கலைக்கழகமொன்றில் நான்கு கல்வியாண்டுகளுக்குக் கட்டணமும் வாடகைப்படியும் உண்டு. 1944இல் போர் வீரருக்கெனத் தொடங்கிய அத்திட்டத்தின் வழிவந்தது இது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அன்று அதனாற் கல்லூரி சென்றனர். ஆசிரியத் தொழில் செய்யும் எமக்குப் பட்டியல் முழுவதிலும் கனமாகத் தெரிந்தது அதுவே. இருபதாண்டு இளைப்பாற்றுச் சம்பளத்தை நாம் அவ்வளவாக மதிக்கவில்லை. பழைய முறையில் சேர்ந்தோரில் ஐவரில் நால்வர் அதைப் பெறும்வரை நிலைக்கவில்லை. 2018 முதல், இடையில் விலகுவோரும் ஒரு சேமிப்பைக் கொண்டுசெல்லும்படி முறையை மாற்றியிருக்கின்றனர்.

அன்றிரவே நண்பருக்கு எழுதினோம். பையன் சேரவேண்டும் என்றோ வேண்டாம் என்றோ எழுத எமக்கு உரிமை இல்லை. கையொப்பம் இடுமுன் சேர்ப்பு அலுவலரிடம் மூன்றை எழுத்திற் கேட்டு வாங்கச் சொன்னோம்: எந்தத் தொழிலுக்குப் பயிற்றுவார்கள், எத்தனை ஆண்டு முழுநேரப் பணி, தொடக்கத்திற் கொடுக்கும் ஊக்கப்பணத்தை எந்நிலையில் திருப்பிக் கேட்பார்கள். அங்கேயே சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்புக்கு என்ன கட்டணம் என்பதையும் விசாரித்து எழுதும்படி கேட்டிருந்தோம்.

மறுமொழி இன்னும் வரவில்லை. ஆச்சி நாளாந்தம் படலையடியில் நின்று கேட்கின்றார். தாளை மட்டும் திருப்பித் தரவில்லை.