ஒரு முன்னொட்டின் மூன்று ஊற்றுகள்

ஆங்கிலம் கற்பிக்குங்கால் முன்னொட்டுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிற்கும் ஒரு பொருள் எழுதி, மனப்பாடம் செய்யச் சொல்வது நம் வகுப்பறை வழக்கம். இம்முறை போதாது என்பதே என் கருத்து. ஜெர்மனில் 'ஃபெர்' எனவும், ஆங்கிலத்தில் 'ஃபார்' எனவும் வழங்கும் முன்னொட்டே இதற்குத் தக்க சான்றாகும்.

ஜெர்மனில் 'கௌஃபென்' என்றால் வாங்குதல். 'ஃபெர்கௌஃபென்' என்றால் விற்றல். 'ப்ளூயென்' என்பது பூத்தல்; 'ஃபெர்ப்ளூயென்' என்பது பூத்து வாடுதல். ஓடுதலைக் குறிக்கும் 'லௌஃபென்' இம்முன்னொட்டை ஏற்றால் வழிதவறுதலையும் குறிக்கும். 'பெஸ்ஸெர்' என்பது மேலானது. 'ஃபெர்பெஸ்ஸெர்ன்' என்பது மேம்படுத்துதல். எதிர்மை, முடிவு, பிழை, ஆக்கம் என நான்கு பொருள்கள்! ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்த மாணவன் என் செய்வான்?

விடை வரலாற்றில் உள்ளது. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா விவிலியத்தைப் பெயர்த்த கோத்திய மொழியில் 'ஃப்ர', 'ஃபொர்', 'ஃபெர்' என மூன்று முன்னொட்டுகள் தனித்தனியே இருந்தன. அப்பால், முன்னால், ஊடே என்பன அவற்றின் அடிப்படைக் கருத்துகள். ஜெர்மனில் அழுத்தம் வேர்ச்சொல்லின்மேல் விழவே, முன்னொட்டின் உயிரொலி நலிந்தது. மூன்றும் ஒன்றாய்க் கலந்தன. வடிவம் ஒன்றாயினும் பொருள்கள் பலவாய் நின்றன.

யாக்கோப் கிரிம் 1822இல் விளக்கிய ஒலிவிதிப்படி, மூல இந்தோ-ஐரோப்பியப் பகரம் ஜெர்மானிய மொழிகளில் ஃபகரமாயிற்று. எனவே 'ஃப்ர' வடமொழிப் 'ப்ர'வுக்கும், 'ஃபெர்' வடமொழிப் 'பரி'க்கும் உறவு. நாம் எடுத்தாளும் 'பிரயாணம்', 'பரிபூரணம்' என்னும் வடசொற்களின் தலையில் நிற்பவையும் இவ்வுறவினரே.

ஆங்கிலத்தில் இம்முன்னொட்டு இன்று புதுச்சொல் ஆக்குவதில்லை. பழஞ்சொற்களில் உறைந்து கிடக்கிறது. மறத்தலாகிய 'ஃபார்கெட்' என்பது பற்றியதை நழுவவிடுதல். மன்னித்தலாகிய 'ஃபார்கிவ்' என்பதனுள் கொடுத்தல் இருக்கிறது. கவலைப்படுதலாகிய 'ஃப்ரெட்' முற்காலத்தில் 'தின்று தீர்த்தல்' எனப் பொருள்பட்டது. உண்ணுதலைக் குறிக்கும் சொல்லோடு இம்முன்னொட்டுச் சேர்ந்து உயிரொலி தேய்ந்த வடிவம் அது. கவலை மனிதனைத் தின்னும் என்பதை அச்சொல்லே சொல்லிவிடுகிறது!

தேர்வுக்கு இத்தனையும் வேண்டுமா என்பர் சிலர். பட்டியல் தேர்வுக்கு உதவும், மறுப்பதற்கில்லை. ஆயினும் தேர்வு முடிந்ததும் பட்டியல் மறந்துபோகும். வரலாற்றோடு கற்ற சொல்லோ நெஞ்சில் நிற்கும். பொருளைச் சொல்வதோடு நில்லாது, அப்பொருள் வந்த வழியையும் காட்டுவதே மொழியாசிரியர் கடமையாகும்.