தடுப்பூசி சந்தைச் சரக்கு அல்ல

2022ஆம் ஆண்டின் இறுதியில் மும்பையின் கோவண்டி குடிசைப் பகுதியில் தட்டம்மை பரவிக் குழந்தைகளின் உயிரைப் பறித்தது. நாட்டின் நிதித் தலைநகரிலேயே, பல பத்தாண்டுகளாகத் தடுப்பூசி உள்ள ஒரு நோய்க்குப் பிள்ளைகள் பலியாயினர்.

தட்டம்மை மிக வேகமாகத் தொற்றும் நோய். எதிர்ப்பாற்றல் இல்லாத மக்களிடையே ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடியது. நூற்றுக்கு 95 குழந்தைகளுக்கு இரண்டு தவணையும் போட்டால்தான் அதனைத் தடுத்து நிறுத்த முடியும். ஊட்டச்சத்து குறைந்த குழந்தையை அது எளிதில் கொன்றுவிடுகிறது. ஆனால் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 12 முதல் 23 மாத வயதுக் குழந்தைகளில் அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தையும் பெற்றோர் 76.4 விழுக்காடு மட்டுமே. ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தை விடுபட்டிருக்கிறது.

இதற்குப் பெற்றோரின் அறியாமையைக் காரணம் காட்டிவிட்டு ஆட்சியாளர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஒருநாள் கூலியை இழந்தால் அடுப்பெரியாத வீட்டுத் தாய்க்கும், வேலை தேடி ஊர் ஊராக அலையும் செங்கல் சூளைத் தொழிலாளிக்கும் தடுப்பூசியைத் தேடிக் கொண்டுசெல்ல வேண்டியது அரசின் கடமை. அந்தக் கடமையை வீடு வீடாகச் சென்று நிறைவேற்றுவோர் ஆஷா ஊழியர்களும், அங்கன்வாடி ஊழியர்களும், கிராம சுகாதாரச் செவிலியர்களுமே. ஆஷா ஊழியர்களுக்கு 2022இல் உலக சுகாதார நிறுவனம் விருது வழங்கியது. ஒன்றிய அரசோ அவர்களை இன்னமும் ‘தன்னார்வலர்’ என்றே அழைக்கிறது. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்ச ஊதியம் வழங்க வேண்டும் என்ற 2013ஆம் ஆண்டின் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டுப் பரிந்துரை கிடப்பில் போடப்பட்டுள்ளது.

உற்பத்தியிலும் இதே நிலைதான். 2008 ஜனவரியில் கசௌலி, குன்னூர், கிண்டி ஆகிய மூன்று பொதுத்துறைத் தடுப்பூசி நிறுவனங்களின் உரிமங்களை அன்றைய ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு நிறுத்திவைத்தது. நவீனப்படுத்துவதற்கு மாறாக மூடியது. தனியாருக்குச் சந்தை திறந்தது. எதிர்ப்புக்குப் பின்னர் 2010இல்தான் அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. செங்கல்பட்டில் 100 ஏக்கரில் எழுப்பப்பட்ட ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் கொரோனாவின் உச்சத்திலும் முடங்கிக் கிடந்தது. ஆட்சி மாறியது, கொள்கை மாறவில்லை.

இதற்கான விலையை மக்கள் 2021இல் கொடுத்தனர். ஒரே கோவிஷீல்டு தடுப்பூசிக்கு ஒன்றிய அரசுக்கு 150 ரூபாய், மாநில அரசுகளுக்கு 300 ரூபாய், தனியார் மருத்துவமனைகளுக்கு 600 ரூபாய் என மூன்று விலை. உச்சநீதிமன்றம் கேள்வி எழுப்பி, மாநிலங்களும் மக்களும் குரல் கொடுத்த பின்னரே ஒன்றிய அரசு இக்கொள்கையை மாற்றிக்கொண்டது.

பொதுத்துறைத் தடுப்பூசி நிறுவனங்களை முழுத் திறனுடன் இயக்க வேண்டும். ஆஷா, அங்கன்வாடி ஊழியர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களின் காலியிடங்களை நிரப்ப வேண்டும் என வலியுறுத்துகிறோம். அதேவேளையில், தடுப்பூசி குறித்துப் பரப்பப்படும் பொய்களை அறிவியலின் துணையோடு முறியடிப்பது நமது பணி. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் விடுபட்ட குழந்தைகளைக் கண்டறிந்து, தடுப்பூசி முகாமுக்கு அழைத்துச் செல்லட்டும். மக்கள் நலனுக்கான போராட்டம் அந்த வீட்டு வாசலிலிருந்தும் தொடங்குகிறது.