மை பூசிய செனட்டர்

நோக்கம் நல்லதாக இருந்தால் வெள்ளை நடிகர் முகத்தில் கறுப்பு மை பூசிக்கொள்ளலாமா? ‘ஃபினியன்ஸ் ரெயின்போ’ என்ற பிராட்வே இசை நாடகத்தைப் பற்றி இப்படிக் கேட்டால், ‘அந்தக் காலம் அப்படி’ என்று வாயை அடைத்துவிடுகிறார்கள்.

1947 ஜனவரியில் நியூயார்க்கில் அரங்கேறி, 725 முறை நடந்த நகைச்சுவை நாடகம் அது. பாடல்களை எழுதி, கதையிலும் பங்கேற்ற இ.ஒய். ஹார்பர்க்கை, கம்யூனிச எதிர்ப்பு வேட்டையின்போது ஹாலிவுட் பின்னர் ஒதுக்கிவைத்தது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே குழுவாக ஆடியது அன்றைய பிராட்வேயில் அபூர்வம். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

இரு இனத்தவரும் சேர்ந்து பயிரிடும் நிலத்தைப் பறிக்கத் துடிக்கும் நிறவெறி செனட்டர், மந்திரத் தங்கத்தால் கறுப்பராகிவிடுகிறார். தான் தூக்கிப்பிடித்த சட்டமே அவரைத் துரத்துகிறது. பிரமாதமான கேலி! ஆனால், கறுப்பு நடிகர்கள் அதே மேடையில் இருந்தும், அந்தக் கேலியின் உச்சம் மை பூசிய வெள்ளை நடிகருக்கே போனது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட 1968இல் வெளியான கப்போலாவின் படத்திலும் கீனன் வின் முகத்தில் அதே மை.

இன்னொன்றை யாரும் பேசுவதில்லை. தோல் மாறியும் செனட்டரின் புத்தி மாறவில்லை. அதற்கு இரண்டாவதாக ஒரு மந்திரம் போட வேண்டியிருக்கிறது. அனுபவித்தால் திருந்திவிடுவார்கள் என்று நம்புகிற நண்பர்கள் இதைக் கவனிக்கலாம்.

1960க்குப் பிறகு இந்த நாடகம் 2009இல்தான் பிராட்வேக்குத் திரும்பியது. இம்முறை மை இல்லை. செனட்டராக முதலில் டேவிட் ஷ்ராம், நிறம் மாறியதும் சக் கூப்பர் என்ற கறுப்பு நடிகர். இவ்வளவு எளிய தீர்வு! அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்தத் தயாரிப்பும் அரங்கேறி மூன்று மாதம் தாக்குப்பிடிக்கவில்லை. அப்போதும் கறுப்பு உடல் வெள்ளையருக்குப் பாடம் நடத்தத்தான் பயன்பட்டது. முடிவில் செனட்டர் தன் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடுகிறார்.

எனக்குப் பிடித்தவன் ஹோவர்டு. படிக்கிற பையன். செனட்டர் வீட்டில் வேலைக்குச் சேர்கிறான். பணிவாகக் காலைத் தேய்த்து நடக்க அவனுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் நெறியாளர் அறைக்கு வெளியே நின்று பழகியவர்களுக்கு அந்த நடை தெரியும். செனட்டருக்கு மூச்சு முட்டி, மருந்துக்காகத் தவிக்கும்போது, ஹோவர்டு கற்ற நடையை அப்படியே நடந்துகாட்டுகிறான், மெது... மெதுவாக. மந்திரமும் இல்லை, மையும் இல்லை. அடுத்து இதை மேடையேற்றுகிறவர்கள் செனட்டரை ஓரத்தில் உட்காரவைத்துவிட்டு இவன் பின்னால் போகட்டும்.