முதலில் கதவைச் சாத்துங்கள்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில், அதாவது ஜி.பி. ரோட்டில், கார் ஸ்பீக்கர் விற்கும் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது ஓர் எண்தான். 300 வாட்ஸ், 360 வாட்ஸ், சில பெட்டிகளில் 500 வாட்ஸ். பிராண்டின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும். வாங்க வருகிறவர்களும் அதையே கேட்கிறார்கள். "இதுல எத்தனை வாட்ஸ்?" கடைக்காரர் அடுத்த பெட்டியை எடுத்து வைப்பார், அதில் இன்னும் ஐம்பது கூடுதலாக இருக்கும். வியாபாரம் முடிந்துவிடும்.

அந்த எண்ணைக் கொஞ்சம் தட்டிப் பார்ப்போம். கார் பேட்டரி 12 வோல்ட். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்குச் சற்று மேலே தரும். கம்பெனி ஸ்டீரியோவுக்குள் உட்கார்ந்திருக்கும் சின்ன ஆம்ப் இந்த 14 வோல்ட்டை வைத்தே குடும்பம் நடத்த வேண்டும். 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கணக்குப் போட்டால், துளி நஷ்டமும் இல்லாத கற்பனை ஆம்ப்பே ஒரு சானலுக்கு 25 வாட்ஸ் சுமாருக்குத்தான் சுத்தமாகத் தரும். நடைமுறையில் 15 வாட்ஸ், மிஞ்சினால் 20. பிறகு எப்படி விளம்பரத்தில் '4×50 வாட்ஸ்' என்று போடுகிறார்கள்? ஒரு கணம் உச்சத்தில் பாய்ந்து, ஒலி கிழிந்து வருகிற அளவையெல்லாம் சேர்த்துச் சொல்லும் எண் அது. ஸ்டீரியோவின் முதுகில் உள்ள ஃபியூஸைப் பாருங்கள். பல செட்களில் 10 ஆம்பியர். பத்தைப் பதினாலால் பெருக்கினால் 140 வாட்ஸ். உள்ளே போவது 140, வெளியே வருவது 200! மின்வாரியத்துக்கு இந்த வித்தை தெரிந்தால் தேவலை.

ஆகவே கம்பெனி ஸ்டீரியோவை மாற்றாமல், தனி ஆம்ப் வைக்காமல், ஸ்பீக்கரை மட்டும் மாற்றப் போகிறவருக்குப் பெட்டியின் முகப்பு பயன்படாது. பெட்டியைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் சென்சிடிவிட்டியைப் படிக்க வேண்டும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் கேட்கும் என்ற அளவு அது. வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. 88 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 92 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால், அதே ஸ்டீரியோவின் பலத்தைச் செலவில்லாமல் இரண்டரை மடங்காக்கிய கணக்கு. பெரிய வாட்ஸ் போட்ட கனமான ஸ்பீக்கர்கள் பல, பெரிய ஆம்ப்பை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. அவற்றைக் கம்பெனி ஸ்டீரியோவில் மாட்டினால் சோர்ந்துதான் பாடும்.

இதுவும்கூட இரண்டாவது விஷயம்தான். முதல் விஷயம் கதவு.

குட்டி செடான்களின் கதவில் ஏன் இவ்வளவு சிக்கனம் என்பதற்கு ஒரு கதை உண்டு. நாலு மீட்டருக்குள் அடங்கும் செடான் என்பதே நம் நாட்டு வரிச் சட்டம் பெற்ற பிள்ளை. 2006 பட்ஜெட்டில் சின்னக் கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும், பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள், டீசல் 1500 சிசிக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2008-ல் டாடா இண்டிகோ சிஎஸ் வந்தது. 2012-ல் மாருதி, டிசையரின் பின்பக்கத்தை நறுக்கி 3995 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தது. ஐந்து மில்லிமீட்டர் மிச்சம்! இப்படி நீளத்திலும் விலையிலும் இழுத்துப் பிடித்துச் செய்யும் காரில் எதில் சிக்கனம் பார்ப்பார்கள்? ஷோரூமில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான். திரை பெரிதாகும், ஸ்பீக்கர் சின்னதாகும். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 2014-ல் வந்த டாடா ஜெஸ்ட், ஹர்மன் சிஸ்டத்தோடு வந்தது. அந்த விலையில் அது அன்று பேசப்பட்ட சங்கதி.

கதவின் உள்பக்க மூடியான பேடைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு காகிதக் கூம்பு, பின்னால் சின்னக் காந்தம், நடுவில் மேல்ஸ்தாயி ஒலிக்கான ட்வீட்டருக்குப் பதிலாக இன்னொரு குட்டிக் காகிதக் கூம்பு. கையில் எடுத்தால் கனமே இருக்காது. உடனே, "காகிதமா!" என்று முகம் சுளிப்பார்கள். காகிதம் மட்டமான பொருள் அல்ல. மிக விலை உயர்ந்த ஸ்பீக்கர்களிலும் காகிதக் கூம்பு உண்டு. 1925-ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கைச் சேர்ந்த ரைஸும் கெல்லாக்கும் உலகுக்குக் காட்டிய ஏற்பாடு, காந்தத்துக்கு நடுவில் ஒரு கம்பிச்சுருள், அதன் தலையில் ஒரு கூம்பு. நூறு வருடமாகியும் அது அடிப்படையில் மாறவில்லை. கம்பெனி ஸ்பீக்கர் தோற்பது பெரும்பாலும் அது மாட்டப்பட்டிருக்கும் இடத்தால்.

கூம்பு முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்றை அழுத்துகிறது, அதே நொடியில் பின்பக்கக் காற்றை இழுக்கிறது. இரண்டும் எதிரெதிர் அலைகள். இரண்டும் சந்தித்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். மேல்ஸ்தாயி ஒலிகளின் அலை சின்னது, அது நேராகப் போய்விடும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை ஏறத்தாழ 3.4 மீட்டர் நீளம். கதவுத் தகட்டில் உள்ள ஓட்டைகள் வழியே அது சாவகாசமாகச் சுற்றி வந்து முன்பக்க அலையை அணைத்துவிடும். அதனால்தான் வீட்டு ஸ்பீக்கருக்குப் பெட்டி இருக்கிறது. காரில் கதவுதான் பெட்டி. ஆனால் அந்தப் பெட்டியின் உள்தகட்டில், கண்ணாடி மோட்டாரை மாட்டுவதற்காகக் கையே நுழைகிற அளவுக்குத் திறப்புகள். அவற்றின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். ஓட்டைத் துருத்தியை எவ்வளவு பலமாக மிதித்தாலும் உலை எரியாது.

என் தங்கை கணவர் காரில் இதைக் காதாலேயே கேட்க முடிந்தது. புதுக் கார் வாங்கிய கையோடு ஒரு கடையில் நடுவில் ட்வீட்டர் உள்ள நல்ல கோஆக்சியல் ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். ஜால்ரா, சிம்பல் எல்லாம் பளீரென்று கேட்டது. ஆனால் மிருதங்கத்தின் கீழ்நாதம் தரும் தொப்பியைக் காணோம். வலந்தலை மட்டும் வாசிக்கிற வித்வான் மாதிரி ஆகிவிட்டது கச்சேரி. "மச்சான், பழசே பரவாயில்லையோ?" என்று இரண்டு வாரமாகப் புலம்பினார். கடைசியில் ராயப்பேட்டைச் சந்து ஒன்றில் இருக்கும் ஒரு ஃபிட்டரிடம் போனோம். வயதானவர். வாட்ஸ் என்ற சொல்லையே எடுக்கவில்லை. கதவு பேடை விரலால் தட்டினார், பிறகு சொன்னார்: "சார், ஒண்ணு பண்ணலாம். இடது கதவுல புதுசு அப்படியே இருக்கட்டும். வலது கதவுல பழைய கம்பெனி ஸ்பீக்கரையே திரும்பப் போட்டு, கதவ மட்டும் அடைச்சுத் தர்றேன். நீங்களே கேட்டுப் பாருங்க."

வெளித்தகட்டின் உள்முகத்தில் பியூட்டைல் ஷீட் ஒட்டினார். கருப்புக் கோந்து போன்ற ரப்பர், மேலே அலுமினியத் தாள். தகடு தானாக அதிர்ந்து முனகுவதை அது நிறுத்தும். பிறகு உள்தகட்டின் திறப்புகளை மூடினார். ஸ்பீக்கரைச் சுற்றி ஒரு ஃபோம் வளையம், பேடுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இடைவெளி விழாதபடி. அந்த வளையம் இல்லாவிட்டால் ஒலியில் பாதி பேடுக்குப் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருக்குமாம்.

பேலன்ஸை இடதுக்கும் வலதுக்கும் மாற்றி மாற்றிக் கேட்டோம். வலது கதவில் அந்தக் கனமில்லாத கம்பெனி ஸ்பீக்கர்தான். அதில் தொப்பி இருந்தது. குரலுக்கு நெஞ்சு இருந்தது. 1980-களின் இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டால், பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டு போட்டுக்கொண்டு போவது கேட்டது. அவர் பாட்டுகளில் பாதிச் சொத்து அந்தக் கீழ்வரியில்தான் இருக்கிறது. ட்வீட்டர் இல்லாததால் மேலே கொஞ்சம் மங்கல், அதை மறுக்கவில்லை. பிறகு புது ஜோடியையே இரண்டு அடைத்த கதவுகளிலும் மாட்டினார். மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஷீட்டில் ஓர் எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கிறது என்று தார் ஷீட்டை ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மே மாதம் சென்னை வெயிலில் நாள் முழுக்க நிறுத்தி வைத்த காரில் அது இளகி, வாடை அடித்து, கழன்று விழும். பியூட்டைல்தான் வாங்க வேண்டும். இன்னொன்று, மழை பெய்தால் கதவுக்குள் தண்ணீர் வருவது கோளாறு அல்ல, வடிவமைப்பே அப்படி. கண்ணாடி வழியாக இறங்கும் தண்ணீர், கதவின் அடியில் இருக்கும் சிறு துளைகள் வழியே வடிந்துவிடும். ஷீட் ஒட்டும் உற்சாகத்தில் அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் ஐப்பசியில் கதவு அண்டாவாகி, கார்த்திகையில் துருப்பிடிக்கத் தொடங்கும். பழைய பிளாஸ்டிக் தாளைக் கிழித்துவிட்டு வேறெதையும் ஒட்டாமல் விட்டால் தண்ணீர் கால்மிதிக்கு வரும். ஸ்பீக்கரைக் கதவில் மாட்ட அடியில் வைக்கும் வளையமும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். எம்டிஎஃப் பலகை நம் ஊர் ஈரத்தில் உப்பிப் பொத்துப்போகும்.

பொருத்துவதில் மற்ற கண்ணிகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கரின் ஆழத்தை அளக்காமல் வாங்கினால், கண்ணாடியை இறக்கும்போது காந்தத்தில் இடிக்கும். ஒயரை வெட்ட விடாதீர்கள், அந்தந்தக் காருக்கென்று கப்ளர் கிடைக்கிறது, வாரண்டி பேச்சு வந்தால் தப்பிக்கலாம். ஒரு கதவில் பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் இரண்டு ஸ்பீக்கரும் எதிரெதிராகத் தள்ளி பேஸ் காணாமல் போகும். 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் ஒயரில் ஒரு நொடி தொடவைத்தால் போதும், கூம்பு இரண்டு கதவிலும் வெளிப்பக்கம் நகர வேண்டும்.

ஏர்பேக் விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. 2024 நவம்பரில் வந்த புதிய டிசையரில் எல்லா மாடலுக்கும் ஆறு ஏர்பேக். திரை போல விரியும் ஏர்பேக், முன்கண்ணாடித் தூணிலிருந்து கூரை ஓரமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். தனி ட்வீட்டரை அந்தத் தூணில் பதித்து, ஒயரை ஏர்பேக்கின் குறுக்கே இழுத்துவிட்டுப் போகிற கடைகளை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக்குப் பக்கத்து முக்கோணப் பிளாஸ்டிக்கில் வைக்கச் சொல்லுங்கள், போதும். சில கார்களில் கதவுக்குள்ளேயே காற்றழுத்த சென்சார் உண்டு. பக்கவாட்டில் மோதும்போது கதவுக்குள் அழுத்தம் சட்டென ஏறுவதை வைத்துத்தான் அது மோதலைத் தெரிந்துகொள்கிறது. அந்தக் கதவைத் திறந்துபோட்டாலும் கண்டபடி அடைத்தாலும் ஆபத்து. உங்கள் காரில் அது இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

செடான்காரர்களுக்கே உரிய ஒரு சபலம் பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள மேடை. எஸ்டீம், பழைய ஹோண்டா சிட்டி காலத்தில் அங்கே இரண்டு ஓவல் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் வண்டிக்கே மரியாதை இல்லை. டிக்கி முழுவதும் பெட்டியாகிவிடும், பேஸ் அள்ளும், உண்மைதான். இன்றைய குட்டி செடானில் அதற்காகத் தகட்டை வெட்ட வேண்டியிருக்கும். இசை முதுகிலிருந்து வரும். வெட்டாமல் சும்மா பெட்டியோடு மேடையில் வைத்தால், திடீர் பிரேக்கில் அது பின்சீட்டுத் தலைகளை நோக்கிப் பறக்கும். எனக்கு ஓவல் வேண்டாம். 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தியைக் கதவு ஸ்பீக்கர் முழுதாகத் தராது என்பதும் தெரியும். அது வேண்டுமென்றால் சீட்டுக்கு அடியில் வைக்கும் சின்ன சப்வூஃபர் இருக்கிறது. டிக்கியில் பேஸ் டியூபை உருட்டிவிட்டு ஊர்ப்பெட்டியை மடியில் வைத்துக்கொள்வதைவிட அது மேல்.

பைசா செலவில்லாத வேலை ஒன்றும் உண்டு. நம் ஊரில் ஓட்டுகிறவர் வலது ஸ்பீக்கருக்கு அருகில் உட்காருகிறார். அரை மீட்டர் வித்தியாசம் இருந்தாலும் வலது ஒலி ஒன்றரை மில்லிசெகண்ட் முன்னால் வந்து சேரும், பாடகர் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் ஒதுங்கிவிடுவார். விலையுயர்ந்த ஸ்டீரியோக்கள் வலது ஒலியை அந்த அளவுக்குத் தாமதப்படுத்தும். மற்றவற்றில் பேலன்ஸை இடப்பக்கம் ஓரிரு கட்டம் தள்ளி, ஃபேடரை முன்பக்கம் கொண்டுவந்தால் ஓரளவு சரியாகும். மாப்பிள்ளைக்கு அப்படித்தான் வைத்துக் கொடுத்தேன். தங்கை இடது சீட்டில் ஏறினால், "காதுக்குள்ள வந்து கத்துது" என்று நடுவுக்குத் தள்ளிவிடுகிறாள். அவள் இறங்கியதும் அவர் மறுபடி இடப்பக்கம் தள்ளுகிறார்.