கடல் இல்லாத ஊர்க்காரனுக்குக் கப்பல் எதற்கு?

வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸில் நண்பன் ஒருவன் கேட்டான். "மலையில பல ஊருக்கு ஒழுங்கா ரோடு இல்ல. நமக்கு எதுக்குடா ஏவுகணைக் கப்பல்?" பக்கத்தில் இருந்தவனோ, ஐ.என்.எஸ். சென்னையிலிருந்து பிரம்மோஸ் சீறிக் கிளம்பும் வீடியோவைக் காட்டி "மாஸ்ல!" என்றான். மன்னிக்கணும், ரெண்டு பேர் சொன்னதும் தப்பு.

முதலில் 'மாஸ்' பார்ட்டி. 164 மீட்டர் நீளம், 7,500 டன். பெரிய கப்பல்தான், ஒத்துக்கறேன். ஆனால் 2006-ல் மும்பையில் கட்ட ஆரம்பித்து, 2016 நவம்பர் 21-ல்தான் கடற்படையில் சேர்ந்தது. இந்த வகையில் மூன்று கப்பல்களுக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு 3,580 கோடி ரூபாய். அது 11,662 கோடிக்கு ஏறியதைச் சொன்னது நம்ம சி.ஏ.ஜி. விசில் அடிக்கும் முன்னால் அதைக் கேட்கக் கூடாதா? ஏவுகணை இருந்தால் மட்டும் போதும் என்பதும் கதை. பிரிட்டனின் ஹெச்.எம்.எஸ். ஷெஃபீல்டு வான் தாக்குதலைத் தடுக்கவே கட்டப்பட்ட கப்பல். 1982 ஃபாக்லாந்து போரில் ஒரே ஒரு எக்சோசெட் தாக்கி 20 பேர் செத்தார்கள், கப்பலும் மூழ்கியது.

அடுத்து 'நமக்கு எதுக்கு' பார்ட்டி. 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்தபோது மரக்காணம் கடற்கரை அவர்களோடு போய்விட்டது. கள்ளக்குறிச்சிக்குக் கடல் இல்லை, வாஸ்தவம். ஆனால் நம்ம கரும்புக்கும் மரவள்ளிக்கும் போடும் பொட்டாஷ் கிட்டத்தட்ட முழுசும் கப்பலில்தான் வருகிறது. அந்தக் கப்பலில் வேலை பார்ப்பவனும் யாரோ ஒருத்தர் வீட்டுப் பிள்ளைதானே?

2024 ஜனவரி 4. சோமாலியா பக்கம் 'லீலா நார்ஃபோக்' என்ற சரக்குக் கப்பலில் ஆயுதத்தோடு ஆட்கள் ஏறிவிட்டார்கள். பிரிட்டன் கடற்படை நடத்தும் கடல் வணிக உதவி மையத்துக்குத் தகவல் போனது. மறுநாளே ஐ.என்.எஸ். சென்னை அதைப் பிடித்துவிட்டது. மார்க்கோஸ் கமாண்டோக்கள் ஏறித் தேடினார்கள். கொள்ளையர்கள் அதற்குள் ஓடியிருந்தார்கள். கப்பலின் பாதுகாப்பு அறைக்குள் ஒளிந்திருந்த 21 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். அதில் 15 பேர் இந்தியர்கள். ஏவுகணை எதுவும் கிளம்பவில்லை. அதனால்தானோ என்னவோ, இந்தச் செய்தியை யாரும் ஸ்டேட்டஸில் வைக்கவில்லை.

1914 செப்டம்பர் 22-ல் மெட்ராஸ் மேல் குண்டு போட்டது ஜெர்மன் கப்பல் எம்டன். இன்றைக்கும் கில்லாடியைப் பார்த்தால் "சரியான எம்டன்டா" என்கிறோம். ஊரைச் சுட்ட கப்பலுக்கு அகராதியில் இடம். ஊர்ப் பெயரைத் தாங்கி 21 உயிரைக் காப்பாற்றிய கப்பலுக்கு? என் வகுப்பில் கேட்டேன், ஒருத்தருக்கும் தெரியவில்லை.

ரோடும் கேட்போம். 11,662 கோடிக்குக் கணக்கும் கேட்போம். ஆனால் போர்க்கப்பலை மெச்சுவதானால் அது சுட்டதை வைத்து வேண்டாம், மீட்டதை வைத்து மெச்சுவோம். இல்லை என்பவர்கள் வாங்க, சண்டை போடலாம் :-)