மடிக்கணினியின் பூட்டும் சாவியும்

மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் பழுதுற்றால் அதனை மாற்றிக்கொள்வது இக்காலத்தில் அரிய காரியமன்று. திருச்சிராப்பள்ளிக் கடைகளில் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். துன்பம் அதன் பின்னரே தொடங்குகின்றது. வீடு திரும்பிய மாணவர் தமது வழக்கமான கடவுச்சொல்லை இட, கணினி ஏற்க மறுக்கின்றது. மறுநாள் கடைக்குச் சென்றால் கிடைக்கும் மருந்து பெரும்பாலும் ஒன்றே: "எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போட்டுத் தருகிறோம்." எந்நோய்க்கும் இவ்வொரு மருந்தையே அளிக்கும் வழக்கம் ஒழிய வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். அழிவது கணினியன்று, சமர்ப்பிக்க வேண்டிய ஆய்வேடும், அதற்கென மாதக்கணக்கிற் சேர்த்த குறிப்புகளுமே.

ஸ்ரீரங்கத்துக் கோயிலுக்கு ஏழு மதில்கள் உள. வெளி மதிலின் வாயில் திறந்திருப்பதனால் உள்வாயிலும் திறந்திருக்குமென எவரும் எண்ணார். கணினியும் அத்தன்மையதே. ஆகவே முதலில் வினவ வேண்டுவது, "கடவுச்சொல் யாது?" என்பதன்று, "எந்த வாயில் கேட்கின்றது?" என்பதே.

விண்டோஸ் முதலியவற்றின் சின்னம் தோன்றுமுன்பே கருந்திரையில் கடவுச்சொல் கேட்கப்படுமாயின், அப்பூட்டு பெரும்பாலும் மதர்போர்டிலுள்ள பயாஸினுடையது. டிஸ்க்கைப் பத்து முறை மாற்றினும் அது நீங்காது. மின்கலத்தைக் கழற்றி மாட்டினால் போய்விடுமென்பர் சிலர். பழைய மேசைக்கணினிகட்குப் பொருந்திய அவ்வுபாயம் இன்றைய மடிக்கணினிகளிற் பெரும்பாலும் பலிப்பதில்லை. வாங்கிய ரசீதுடன் உற்பத்தியாளரின் சேவை நிலையத்தை நாடுவதே நேர்வழி.

அடுத்தது பிட்லாக்கர். இது டிஸ்க்கையே மறைமொழியாக்கி வைப்பது. பழைய டிஸ்க்கை வேறொரு கணினியிற் பொருத்திப் பார்க்கும்போது 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணை அது கேட்கும். உடையவர் அறியாமலே இப்பூட்டு இடப்பட்டிருப்பதுமுண்டு; அவ்வாறாயின் அவ்வெண் பெரும்பாலும் அவருடைய மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அங்கும் பிறவிடத்தும் அஃது இல்லையேல் எந்த நிபுணராலும் திறக்க இயலாது. திறந்து தருவதாகப் பணம் கேட்போரை நம்பற்க.

மூன்றாவது, நாள்தோறும் நாம் காணும் நுழைவுத் திரை. பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். அக்கணினிக்கென்றே ஏற்படுத்திய கணக்கின் கடவுச்சொல் பழைய டிஸ்க்கிலேயே பதிவாகியிருந்தது. டிஸ்க் போனவுடன் அதுவும் போயிற்று. புதிதாக விண்டோஸ் இடப்பட்ட டிஸ்க் அதனை அறியாது. மைக்ரோசாப்ட் கணக்கு வைத்திருப்போர் இணைய இணைப்புடன் மின்னஞ்சல் முகவரியையும் அதன் கடவுச்சொல்லையும் இடல் வேண்டும். முன்பு வைத்திருந்த பின் எண் உதவாது. கணினியின் கடிகாரம் பல ஆண்டு பின்னோக்கியிருப்பின் இணையமும் இடர் தரும். தேதியைத் திருத்தினாற் போதும். விசைப்பலகையும் வஞ்சிக்கும். பிரிட்டிஷ் அமைப்பும் அமெரிக்க அமைப்பும் '@' குறியை வெவ்வேறு விசையில் வைத்துள்ளன. கடவுச்சொல்லருகேயுள்ள கண் சின்னத்தை அழுத்தி, இட்டதைக் கண்ணாற் காண்க. இதற்காகவா ஒரு டிஸ்க்கை அழிப்பது!

நிற்க. 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்கட்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா ஸ்ரீரங்கம் தொகுதியின் உறுப்பினராயிருந்தது நம்மூரார் அறிந்ததே. அக்காலத்துக் கணினிகள் பலவற்றில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒருங்கே இருந்தன. அண்ணன் பெற்றதைத் தங்கை பயன்படுத்தும் வீடுகளில் டிஸ்க்கை மாற்றிப் புதிதாக விண்டோஸ் மட்டும் இட்டால், லினக்ஸில் வைத்த கணக்கும் கோப்புகளும் புதிய டிஸ்க்கிற்கு வாரா. பழைய டிஸ்க்கை அவ்வாறே படியெடுத்தால் மற்றொரு வேடிக்கை நேர்வதுண்டு: கடவுச்சொல் சரியென ஏற்கப்பட்டும் திரை மீண்டும் நுழைவாயிலுக்கே திரும்பும். லினக்ஸில் இதற்கு ஒரு காரணம், பயனரின் கோப்பகம் பழைய டிஸ்க்கின் அடையாள எண்ணாலே தேடப்படுவது. கடவுச்சொல்லில் குற்றமில்லை, எஃப்எஸ்டேப் என்னும் கோப்பில் ஒரு வரியைத் திருத்தினாற் சரியாகும்.

கடைக்காரரை நாம் பழிக்கவில்லை. வரிசையில் பலர் காத்திருக்க, ஒவ்வொரு வாயிலையும் ஆராய அவருக்கு நேரமேது? ஆயினும் பழைய டிஸ்க்கை அவரிடமே விட்டு வருவதும், கடவுச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பதும் நம் மாணவரிடம் மிகுந்துள்ளன. முழுதும் பழுதாகாத டிஸ்க்கைப் பிறர் படிக்கக்கூடும். நமது கடிதங்களும் படங்களும் அதிலுள்ளன. கேட்டு வாங்கி வருதல் வேண்டும். பழைய டிஸ்க்கைப் பொருத்திப் படிக்கும் யுஎஸ்பி உறையின் விலை சில நூறு ரூபாய்களே. நமது கலாசாலைக் கணினிக் கூடத்தில் அத்தகைய உறைகள் இரண்டினை வாங்கி வைத்து, ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாதங்களில் மாலை ஒரு மணி நேரம் மூத்த மாணவர் இருவரை அமர்த்துமாறு அதிகாரிகளை வேண்டுகின்றோம்.