இல்லமும் ஊரும்: கடல் கிடந்த இடத்தில் ஒரு வீடு

சென்ற மாதம் நம் சங்க நூலகத்துக்கு வந்த அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து ஒரு யோசனை கேட்டார். அவருடைய மகன் ஹாலந்தில் பணி புரிகிறான். ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே உள்ள புறநகர் ஒன்றில், விலை சற்று மலிவாக இருக்கும் பேட்டையில், சொந்த வீடு வாங்க எண்ணுகிறானாம். "கும்பகோணத்துப் பக்கம் இருக்கும் இரண்டு ஏக்கரை விற்று அனுப்பிவிடலாமா? நீங்கள் அங்கே போயிருந்து பார்த்தவராயிற்றே" என்றார். நூலக வாயிலில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய விடையன்று அது. இதே கேள்வியை மனத்தில் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்னும் சில இருக்கக்கூடும். ஆதலால் இம்மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

2025ஆம் ஆண்டு கோடையில் நானும் என் மனைவியும் எண்பத்து நான்கு நாட்கள் மகள் வீட்டில் தங்கியிருந்தோம். மகளும் மாப்பிள்ளையும் அப்போது ஆம்ஸ்டல்வேன் நகரில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். நம்மவர் மிகுதியாக வாழும் ஊர் அது. வாடகையும் அதற்கேற்றபடி இருந்தது. குளிர்காலம் முதலே அவர்கள் வீடு தேடிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பார்த்தது ஆம்ஸ்டர்டாம் நகருக்குள்ளேயே ஓர் அடுக்குமாடி வீடு. அந்நகரில் 1896ஆம் ஆண்டு முதல் நகராட்சி தன் நிலத்தை விற்காமல் குத்தகைக்கு விடும் வழக்கம் இருந்து வருகிறது. சுவர் நம்முடையது, அடிமனை நகராட்சியுடையது என்ற நிலைமை. தில்லியில் குத்தகை மனையை முழு உரிமையாக மாற்றிக்கொள்ள அலைந்து திரிந்த எனக்கு அச்சொல்லைக் கேட்டதுமே வயிறு கலங்கிற்று. அடுத்தது ஸான்டாமில் ஒரு பழைய வீடு. விலை மிகவும் குறைவு. ஏன் இவ்வளவு குறைவு என்று விசாரித்தபோதுதான் ஓர் உண்மை தெரிந்தது. சதுப்பு நிலமாகையால் அந்நாட்டின் பழைய வீடுகள் பல மரக் கழிகளின் மேல் நிற்கின்றன. கழி நீருக்குள் மூழ்கியிருக்கும் வரையில் நூறாண்டுக்கும் கேடில்லை. நிலத்தடி நீர் தாழ்ந்து கழியின் தலை காற்றைக் கண்டுவிட்டால் உளுத்துப்போகும். நம் ஊரில் நீர் ஏறினால் வீட்டுக்குக் கேடு. அங்கே நீர் இறங்கினால் கேடு! அடித்தளத்தைப் புதுப்பிக்கும் செலவில் இன்னொரு வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடலாம் என்றார் மாப்பிள்ளை. அந்த வீட்டைக் கைவிட்டார்கள்.

அதன் பிறகுதான் அல்மேர நகரின் பக்கம் பார்வை திரும்பிற்று. இந்நகரின் பிறப்பே ஒரு கதை. ஜூய்டர்ஸே என்னும் உள்கடலின் வாயை 1932ஆம் ஆண்டில் 32 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அணையால் அடைத்தார்கள். பிறகு பகுதி பகுதியாக வரப்பிட்டு நீரை இறைத்தார்கள். அல்மேர நிற்கும் தென் பிளேவோலாந்து 1968ல் தரையாயிற்று. முதற்குடிகள் 1976ல் வந்து சேர்ந்தார்கள். இன்று அங்கே இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். தரை கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே கிடக்கிறது. நீரேற்று நிலையங்கள் இரவும் பகலும் தம் வேலையைச் செய்வதால்தான் கால் நனையாமல் நடக்க முடிகிறது. அந்தப் பணிக்கென்று தனியே நீர் வாரியம் ஒன்றும், அதற்கென்று தனி வரியும் உண்டு. வீடு வாங்குவோர் நகராட்சி வரியோடு இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்நகரின் ஒரு பகுதிக்குப் பௌட்டன் என்று பெயர். டச்சு மொழியில் 'வெளியே', 'புறம்' என்று பொருளாம். புறநகருக்குப் புறம் என்றே பெயரிட்ட நேர்மையை மெச்சினேன். அங்கே வானவில் பேட்டை என்று ஒன்று இருக்கிறது. மஞ்சளும் சிவப்பும் நீலமுமாகச் சுவர்கள் நிற்கும்; தெருக்களுக்கும் நிறங்களின் பெயர்களே. மிதிவண்டிக்குத் தனிப் பாதை, பேருந்துக்குத் தனிப் பாதை. ஆம்ஸ்டர்டாமுக்கு ரயிலில் அரைமணி நேரப் பயணம்.

அங்கே வரிசை வீடு ஒன்று விற்பனைக்கு வந்தது. 1990களில் கட்டியது, கான்கிரீட் கழிகளின் மேல் நிற்பது, அடிமனையும் சேர்ந்தே கைக்கு வரும். கேட்ட விலை 4,25,000 யூரோ. கேட்ட விலை என்றால் கொடுக்கும் விலை என்று நம்மவர் எண்ணிவிடக் கூடாது. பேரம் பேசிக் குறைப்பது நம் வழக்கம். அங்கே பெரும்பாலும் கேட்டதற்கு மேல் கொடுப்பது வழக்கம். எவ்வளவு மேலே என்பதுதான் மர்மம். மூடிய உறையில் எழுதிக் கொடுப்பது போல ஒவ்வொருவரும் தம் விலையை எழுதி அனுப்புகிறார்கள். மற்றவர் எழுதியது நமக்குத் தெரியாது. இவ்விதம் மூன்று வீடுகளை அவர்கள் இழந்திருந்தார்கள். மூன்றாவது கைவிட்டுப் போன அன்று மகள் சமையலறையில் பேசாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நாங்கள் விமானத்திலிருந்து இறங்கி நான்காம் நாள் அது.

பௌட்டன் வீட்டுக்குப் போட்டி குறைவாக இருந்தது. அதற்குக் காரணம் ஒன்று உண்டு. வெயிலுக்கு ஏங்கும் அந்நாட்டு மக்கள் வீட்டின் பின்புறத் தோட்டம் தெற்கு நோக்கி இருக்க வேண்டும் என்று விரும்புவார்கள். விளம்பரத்திலேயே அதைப் பெருமையாகப் போடுவார்கள். இந்த வீட்டின் தோட்டமோ வடக்கே கிடந்தது. அப்படியானால் வாசல்? தெற்கு! என் மனைவி படியிலேயே நின்றுவிட்டாள். "தெற்கு வாசல் வீட்டுக்கா இத்தனை லட்சம்?" என்றாள். மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை. மாமியாரிடம் வாஸ்து வாதம் செய்வதில் பயனில்லை என்று அறிந்தவர். உள்ளே போனோம். முன்னறையும் பின்னறையும் இடைச்சுவர் இல்லாமல் ஒன்றாய், இருபுறமும் பெரிய ஜன்னல்களோடு இருந்தன. முன் ஜன்னலில் நுழைந்த வெயில் பின் சுவர் வரை தரையில் நீண்டு கிடந்தது. என் மனைவி அந்த வெயிலில் சிறிது நேரம் நின்றாள். "அந்தத் திண்ணை போன்ற இடத்தில் கோலம் போடலாமா, தெருக்காரர்கள் ஏதேனும் சொல்வார்களா?" என்று மகளிடம் கேட்டாள். அத்துடன் திசை விவகாரம் முடிந்தது.

குறைகள் இல்லாமலில்லை. மாடிப்படி ஏணியைப் போலச் செங்குத்து, குளியலறை மேலே, முழங்கால் வலியுள்ளவர்களுக்குச் சோதனைதான். சமையலறை கூடத்தோடு சேர்ந்தது. கடுகு தாளித்தால் மணம் படுக்கையறை வரை வரும். ஆனால் காய்கறிக்குக் கவலையில்லை. 1873 முதல் கல்கத்தாவிலிருந்து சுரினாமுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் பலர், அந்நாடு 1975ல் விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி ஹாலந்தில் குடியேறினார்கள். அல்மேரயில் அவர்கள் கடைகளில் பாகற்காயும் காராமணியும் வெண்டையும் கிடைக்கின்றன. கடைக்கார அம்மையார் என் மனைவியைப் பார்த்துப் போஜ்புரி கலந்த மொழியில் பேச, இவள் தில்லி இந்தியில் விடை சொன்னாள்.

இனி, அன்பர் கேட்ட பண விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் எழுதி அனுப்பிய விலை 4,41,000 யூரோ. அது ஏற்கப்பட்டது. அந்நாட்டில் வீட்டின் மதிப்பு முழுவதற்கும் வங்கி கடன் கொடுக்கலாம். வருமானம் இடம் தர வேண்டும். நம் நாட்டைப் போல இருபது விழுக்காடு கையிலிருந்து போட வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆனால் வங்கி பார்ப்பது நாம் கொடுத்த விலையை அன்று, மதிப்பீட்டாளர் எழுதும் மதிப்பை. அவர் 4,35,000 என்று எழுதினார். மிச்சம் 6,000 இவர்கள் கையிலிருந்து. பத்திர வரி, குடியிருப்பதற்காக வாங்குவோருக்கு இரண்டு விழுக்காடு. முப்பத்தைந்து வயது நிறையாதவருக்கு, விலை ஒரு வரம்புக்குள் இருந்தால், வாழ்நாளில் ஒருமுறை அவ்வரி இல்லை. 2025ல் அவ்வரம்பு 5,25,000 யூரோ. மகளுக்கு வயது முப்பத்து மூன்று, மாப்பிள்ளைக்கு முப்பத்தாறு. ஆகவே மகளின் பாதிக்கு வரியில்லை, மாப்பிள்ளையின் பாதிக்கு 4,410 யூரோ. "உங்கள் வயது நமக்கு நாலாயிரம் செலவு வைத்தது" என்று அவள் இன்றும் கேலி செய்கிறாள்.

இதைத் தவிர, தேசிய அடமான உத்தரவாதம் என்று ஒன்று உண்டு. 2025ல் 4,50,000 யூரோ வரையுள்ள வீடுகளுக்கு அது கிடைத்தது, கடனில் 0.4 விழுக்காடு கட்டணம். வேலை போயோ, துணை இறந்தோ, மணமுறிவு நேர்ந்தோ வீட்டை நட்டத்துக்கு விற்க நேர்ந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மீதிக் கடனை அது ஏற்கும். வட்டியும் சற்றுக் குறையும். அந்நிய நாட்டில் வேலையை நம்பி இருப்பவர்கள் இந்த வரம்புக்குள் வீடு தேடுவதே உத்தமம் என்பது என் எண்ணம். ஆடம்பரப் பேட்டையை விட்டு இப்பேட்டைக்கு வந்ததன் பெரிய லாபம் இதுவே. வட்டியை இருபதாண்டுக்கு மாறாதபடி நிறுத்திக்கொண்டார்கள்.

நோட்டரி, மதிப்பீட்டாளர், கடன் ஆலோசகர், கட்டட ஆய்வாளர் ஆகியோருக்கான கூலி எல்லாம் சேர்த்து, கையிலிருந்து போனது சுமார் 24,000 யூரோ. ஆறாண்டுச் சேமிப்பில் அது இருந்தது. எங்களிடம் ஒரு காசும் கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று எனக்கு ஒரு சிறு மனத்தாங்கல்கூட. அன்பர் அனுப்பியே தீருவேன் என்றால், ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு இருபது விழுக்காடு வரி முன்கூட்டிப் பிடிப்பார்கள், கணக்குத் தாக்கலில் சரிக்கட்டிக்கொள்ளலாம். பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அங்குள்ள வங்கியும் நோட்டரியும் சான்று கேட்பார்கள். நிலம் விற்ற பத்திரத்தைக் காட்ட வேண்டியிருக்கும். வங்கி முழுக் கடன் தரும் நாட்டில் வீடு வாங்கக் காவிரிக்கரை நிலத்தை எதற்காக விற்பது? நான் விற்கமாட்டேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகும் வாங்குவோருக்கு மூன்று நாள் யோசிக்க உரிமை உண்டு; காரணம் சொல்லாமல் விலகலாம். கடன் கிடைக்காவிட்டால் விலகலாம் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். போட்டி மிகுந்த இடங்களில் விற்பவரை மகிழ்விக்க அதை விட்டுவிடுவோரும் உண்டு. மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் அப்படிச் செய்து, மதிப்பீடு குறைந்துபோய், பத்து விழுக்காடு அபராதத்துக்கு அஞ்சி அங்கும் இங்கும் கடன் வாங்கினார். இவர்கள் விடவில்லை. 44,100 யூரோவுக்கு வங்கி உத்தரவாதம் மட்டும் கொடுத்தார்கள்.

ஆகஸ்டில் பத்திரம் முடிந்தது. அன்று காலை வீட்டுக்குப் போய் மின்சாரம், எரிவாயு, தண்ணீர் மீட்டர்களின் எண்களைக் குறித்துக்கொண்டு நேரே நோட்டரியிடம் போனோம். பத்திரம் டச்சு மொழியில். இவர்களுக்கு அம்மொழி முழுதும் வராதாகையால் மொழிபெயர்ப்பாளர் உடனிருந்து சொன்னார். நோட்டரி இருதரப்புக்கும் பொதுவானவர். பணம் அவர் கணக்கின் வழியாகவே கைமாறும். நிலப்பதிவேட்டில் வேறு கடனோ முடக்கமோ உண்டா என்று பார்ப்பதும் அவர் பொறுப்பே. தில்லியில் பவர் பத்திரத்தின் மேல் வீடு வாங்கிவிட்டு, அதனால் உரிமை மாறாது என்று 2011ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது உறக்கம் இழந்தவர்களில் நானும் ஒருவன். அரை மணியில் எல்லாம் முடிந்து சாவி கைக்கு வந்ததைப் பார்த்து எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருந்தது.

அன்றிரவு புது வீட்டில் பால் காய்ச்சினோம். படுக்கப் போகுமுன் என் மனைவி மெதுவாகக் கேட்டாள், "இனி இவர்கள் திரும்பி வரமாட்டார்கள், இல்லையா?" கடன் முப்பதாண்டுக்கு என்பது அவளுக்குத் தெரியும். நான் விடை சொல்லவில்லை. மாடியில் தோட்டத்தைப் பார்த்த சிறு அறையை எங்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேல் நாங்கள் அங்கே தங்க விசா இடம் தராது. மற்ற நாட்களில் அதில் மிதிவண்டிக் காற்றடிப்பானும் பழைய பெட்டிகளும் கிடக்கின்றன என்று மகள் சொல்கிறாள். வரும் மே மாதத்துக்குள் காலி செய்துவிடுவாளாம்.